பிப்ரவரிக் காய்ச்சல்

பத்தாம் வகுப்பு, 'பி' பிரிவு. நாற்பத்தொரு பேர்.
இன்று வந்தவர்கள் பதினேழு.
பதினொரு மணிக்குள்
பெங்களூர் அலுவலகத்துக்குக் கணக்குப் போகவேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில்
ஜ்வர என்று கன்னடத்தில் எழுதுகிறேன்,
இருபத்துநான்கு முறை.
குமாஸ்தா வேலையில் ஒன்பது வருடம்;
ஒவ்வொரு பிப்ரவரிக்கும்
இதே காய்ச்சல்தான்.

ஆனேக்கல் தாண்டி, பன்னிரண்டு ஊருக்கு
இந்த ஒரு உயர்நிலைப் பள்ளி.
ஏழே முக்கால் பஸ்ஸை விட்டால்
அடுத்தது பத்தேகாலுக்கு.
பாடம் கன்னடத்தில்,
அடிதடி தமிழிலும் தெலுங்கிலும்.
ஏரிக்கு அந்தப் பக்கம் முளைத்த
இருபத்திரண்டு மாடிப் பிள்ளைகள்
மஞ்சள் பஸ்ஸில் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகிறார்கள்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.
புழுதி அப்படி.

பஸ் வராத திசையில்
பிளாஸ்டிக் கூரைக்கடியில் வரிசை வரிசையாய் ரோஜா.
மொட்டு அவிழுமுன் வெட்டவேண்டும்,
கட்டுக்கு இருபது,
பதினான்காம் தேதிக்குள்
எந்தெந்த ஊரிலோ யார் யாரோ
யார் யாருக்கோ கொடுக்க.
பொழுது சாய்ந்தால் கையில் நானூறு ரூபாய்.

ஒன்பதாம் தேதி மத்தியானம்
முனிலட்சுமி வந்தாள்.
சீருடைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டை.
உதவித்தொகைக்கு ரேகை வைக்கவேண்டும்.
கட்டைவிரல் வைத்தாள்.
மெஷின் சிவப்பாய் மினுக்கியது.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
பாவாடையில் துடைத்துவிட்டு நடுவிரல்,
எச்சில் தொட்டு மோதிரவிரல்.
கீறலுக்கு மேல் கீறல்,
ரேகை எது முள் எது என்று
எனக்கே தெரியவில்லை, அதற்கெப்படித் தெரியும்.
பத்தாவதாய் இடது சுண்டுவிரல்:
பச்சை.
சிரித்தாள்.
"அது எதுக்கும் ஆவாத வெரலு சார்,
அதான் நல்லா கீது."

போகாமல் நின்றாள்.
தலைகீழாகவே பதிவேட்டைப் படித்திருக்கிறாள்.
"எனக்கு எத்தினி நாளா காய்ச்சல் சார்?"
ஆறு, என்றேன்.
"இன்னும் நாலு நாள் இருக்கும்.
அப்பவும் எழுபத்தாறு பர்சன்ட்டு வருது,
எழுபத்தஞ்சு இருந்தா பரீட்சைக்கு உடுவாங்கதான?"

நான் பிறந்தது தங்கவயலில்.
சுரங்கத்தை மூடிய வருடம்
எங்கள் வகுப்பிலும் பாதிப்பேருக்குக் காய்ச்சல்;
அன்றைக்கு யார் எழுதினார்களோ,
என்ன எழுதினார்களோ.
இதை அவளிடம் சொல்லவில்லை.
கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன்:
எழுபத்தாறு புள்ளி இரண்டு.

சரியா என்று கேட்க
அவள் அங்கே இல்லை.
கேட்டுக்கு வெளியே டெம்போ
ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.
பேனாவைத் திறந்தேன்.