பன்னிரண்டாம் உருளை

மூன்று நாளாய்ப் பனி ஓயவில்லை வார்காவுஸில்.
காகித ஆலைக்குள்ளே
முதுகோடு சட்டை ஒட்டும் வெக்கை.
ஈரக் காகிதம் ஏறி இறங்கிக் காயும்
நாற்பது உருளைகளில்
பன்னிரண்டாவது மட்டும் சீறுகிறது.

குழாய் அசையாது. உருளை நிற்காது.
நடுவே ஒரு கரி வளையம், கைவளை அகலம்.
ஒரு முகம் சுழல, ஒரு முகம் நிற்க,
சிந்தாமல் நீராவி உள்ளே போகவேண்டும்;
சூட்டைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரானது
அதே வாசலில், உள்குழாய் வழியே
வெளியேற வேண்டும்.
ஆவி அழுத்த அழுத்த இன்னும் ஒட்டிக்கொள்ளும்.
தேயும்.
தேயட்டும் என்றுதான் கரியில் செய்கிறார்கள்.

போன வாரம்தான் இர்யா புதிது போட்டாள்.
"மட்டச் சரக்கு" என்றான் தெர்ஹோ,
காதடைப்பானை ஒருபக்கம் தூக்கி.

ஆவியை அடைத்து, ஆறவிட்டு,
கழற்றிப் பார்த்தாள்:
ஒருபுறம் புதுக் கனம்,
எதிர்ப்புறம் பாதிகூட இல்லை.

வளையத்தைத் தெர்ஹோ கையில் கொடுத்துவிட்டு
பின்னால் போய்
வளைகுழாயை அழுத்திப் பார்த்தாள்.
விறைப்பு.
யாரோ நாலு விரற்கடை குட்டையாய் வாங்கி
இழுத்து மாட்டியிருக்கிறார்கள்.
சூட்டில் உருளை நீளும்,
குழாய் விடாது,
இணைப்பு கோணிக்கொள்ளும்,
பழி கரிக்கு.

நீளமானதை மாட்டினாள், தொய்வு விட்டு.
"தொங்குகிறதே, அசிங்கமாய்."
"தொங்கட்டும்."

விடியுமுன் காகிதம் ஓடியது.
பன்னிரண்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.
காப்பிக் கோப்பையை முழங்கையால் தள்ளி
பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
'இறுக்கம்' என்று எழுதினாள்.
கொஞ்சம் பார்த்தாள்.
அடித்துவிட்டு
'குழாய் நீளம் போதவில்லை' என்றாக்கினாள்.