துளைக் கணக்கு

குதிரைக்கு முன்னால் வந்து சேர்ந்தது அதன் சுற்றளவு.
குதிரைச்செட்டியின் ஆள் ஐயாறன்
வேலிக்கு அப்பால் நின்று வீசினான்:
எந்த மரத்து நாரென்று தெரியாத கயிறு,
மூன்று முடிச்சு.
முதலாவது வரை நெஞ்சு,
இரண்டாவது வரை வயிறு,
மூன்றாவது எதற்கென்று அவனுக்கும் தெரியவில்லை.
"அடுத்த காற்றில் கப்பல். அதற்குள் பல்லணம் வேண்டும்."

கெடிலக்கரைப் பூவரசில்
வளைந்தே வளர்ந்த கிளையாகப் பார்த்து வெட்டினேன்.
நேர்மரத்தை வளைத்தால்
மழைநாளில் பழைய புத்திக்குத் திரும்பும்,
ஆளின் பாரம் முதுகெலும்பில் இறங்கும்.
இரண்டு பலகை, இரண்டு வளைவு,
நடுவே காற்றோட ஒரு சந்து.
ஆணி கிடையாது.
பச்சைத்தோல் வாரால் இறுக்கிக் காயவிட்டால்
தோலே ஆணி.

எருமைத்தோல் சுண்ணாம்பில் ஒன்பது நாள்,
ஆவாரம்பட்டைச் சாற்றில் இரண்டு திங்கள்.
கொற்றி குழியைக் கிளறிவிட்டு வந்து
அதே கையால் சோறு போட்டாள்.
எங்களுக்கு இரண்டும் ஒரே வாசம்.

கடிவாளம் எயினன் அடித்தது.
நடுவில் மூட்டு வைத்த இரும்பு.
அரத்தால் இழைத்து, கழுவி,
தன் வாயில் வைத்துக் கவ்வினான்.
நாக்கைப் புரட்டினான். கண்ணில் நீர்.
துப்பிவிட்டு மறுபடி அரத்தை எடுத்தான்.
மூன்றாம் முறை
ஒன்றும் சொல்லாமல் என்னிடம் நீட்டினான்.

அங்கவடி என்று பெரிதாக ஏதுமில்லை.
செருப்புத் தைக்கிறவனிடம்
வெறுங்காலோடு வந்து நின்றான் சேவகன்;
பெருவிரல் நுழைய ஒரு வளையம் போதுமாம்.

கப்பல் வந்தது.
கழிமுக மணலில் நான்கு காலையும் அகல ஊன்றி,
தரை இன்னும் ஆடுவதாக நினைத்து
நின்றுகொண்டிருந்தது அது.
பல்லணம் ஏற்றி, கச்சையை
என் ஒற்றைத் துளையில் மாட்டினால்
வயிற்றுக்கும் வாருக்கும் நடுவே
என் முட்டிக்கை புகுந்தது.
கயிறு பொய் சொல்லவில்லை.
நாற்பது நாள் உப்புக்காற்று தின்றதைக்
கயிறு எப்படி அறியும்?

துளையுளியால் நன்றாக உள்ளே தள்ளி இன்னொன்று.
கொள்ளு வந்தது, அறுகு வந்தது.
மாதம் ஒரு துளை வெளியே நகர்ந்தது.
ஐந்தாம் மாதம் என் முதல் துளையில் கொக்கி விழுந்தது;
முடிச்சிட்ட கயிற்றின் குதிரை
அன்றைக்குத்தான் அதிகைக்கு வந்தது.

பிறகு யாரோ சொன்னார்களாம்,
நெய்ச்சோறு போட்டால் போருக்கு ஆகுமென்று.
அப்புறம் ஐப்பசி மழை.
வந்த வழியே துளை துளையாகத்
திரும்பிப் போயிற்று.

நேற்று கச்சையை மட்டும் கொண்டுவந்தான் சேவகன்.
வேறு குதிரையாம், பெரியதாம்.
"பார்க்க நன்றாயில்லை, இந்தத் துளைகளை அடைத்துக்கொடு."
மரமென்றால் ஆப்பு அடிக்கலாம்,
இரும்பென்றால் உருக்கலாம்,
தோலில் போட்டது போட்டதுதான் என்றேன்.

வாரின் அடியில் ஒட்டியிருந்தது
ஒரு செம்பட்டை மயிர்.
அதை எடுக்காமல்
நுனிப்பக்கம் புதிதாக ஒன்று குத்தினேன்.
முதல் பல்லணத்துக்கே மூன்று கலம் நெல் பாக்கி
என்பதையும் சொல்லிவைத்தேன்.