ஓதம்

உபின் தீவில் ரோஸ்லான்,
சாங்கி மாடியில் நான்.
இரவில் இணைப்பு சாகிறது,
நேற்றைவிட ஐம்பது நிமிடம் பிந்தி,
இன்று மட்டுமல்ல, ஒரு வாரமாய்.
கேபிளை மாற்றினோம்.
மழையைத் திட்டினோம், மழையே இல்லை.

படகுத்துறைச் சுவரில் ஓத அட்டவணை,
ஓரத்தில் மீன்குழம்புக் கறை.
நீர் இரண்டரை மீட்டரைத் தொடும்போதெல்லாம்
எங்கள் வரைபடத்தில் ஒரு குழி.

நேரே வந்தது ஓர் அலை.
கடலில் கால் நனைத்துக்கொண்டு வந்தது
அதே அலை,
முகட்டுக்கு எதிரே பள்ளமாய்.
இரண்டும் தவறாமல் வந்து சேர்ந்தன;
அதனால்தான் ஒன்றும் வரவில்லை.

“கடல்மேல் புகார் எழுதவா?” என்றான் ரோஸ்லான்.

ஆன்டெனாவை இரண்டு முழம் இறக்கினேன்.
பச்சை விளக்கு.

ஐந்து மணிக்குக் கடல் ஏறியது.
இருவரும் ஃபோனை வைக்கவில்லை,
பேசவும் இல்லை.