மிச்சக் காசு

முதலில் போனது மணம்.
பருத்தித்துறைச் சந்தையில் கருவாட்டு மூட்டை ஏற,
சனம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்த,
நான் மட்டும் அந்த மூட்டையில் சாய்ந்துகொண்டு
ரிக்கற் கிழித்தேன்.
கொண்டக்டருக்கு இரும்பு மூக்கு என்று சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அது பதினொரு வருசத்துக்கு முன்.

பிறகு இரவுகள்.
கனவில் யாரோ மிதிபலகையிலிருந்து விழ,
எட்டிப் பிடிக்கப்போய்
தவமலரின் முகத்தில் அடித்தேன்.
விடிய அவள் கன்னம் நீலம்.
நெல்லியடியில் கேட்டவர்களுக்கு
கதவு என்றாள்.

இப்போது வலக்கை.
பெருவிரலும் சுட்டுவிரலும்
ஓயாமல் எதையோ உருட்டுகின்றன.
மிச்சக் காசு, டொக்டர்.
முப்பத்தொரு வருசமாய்க் குடுக்காமல் விட்டதெல்லாம்
இப்ப எண்ணிக் குடுக்குது.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில்
டொக்டர் பிரமிளா சிரிக்கவில்லை.
என் அட்டையின் பின்புறத்தில் ஒரு நூலை வரைந்தாள்,
பிறகு சிக்கலாய் இன்னொன்றை.
"அல்பா சினூக்ளின் எண்டு ஒரு புரதம், ஐயா.
எல்லாரிட்டையும் இருக்கு.
மடிப்புப் பிழைச்சால்தான் ஒண்டோடை ஒண்டு ஒட்டும்."

மடிப்பு எனக்குத் தெரியும்.
நீளவாட்டில் மடித்து விரலிடுக்கில் செருகிய நோட்டுகள்,
இருபது, ஐம்பது, நூறு.
மாரியில் நனைந்த ஒன்று
கோணலாய் உள்ளே போனால்
அடுத்ததும் அந்தக் கோணலைப் பழகும்.
இருபாலை வருமுன் கட்டு முழுக்க ஒரே கட்டி.
உரித்தால் கிழியும்.

அதோடு
உயிரணுவின் இஞ்சினும் பழுதாம்.
புகை வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுகிறதாம்.
உயிரைத் தருகிற அதே ஒட்சிசன்
வல்லை வெளியின் உப்புக்காற்று
எங்கள் பஸ்ஸின் அடித்தகரத்தைத் தின்றதுபோல்
மெல்ல மெல்லத் தின்கிறதாம்.
மேலே பெயின்ற் மினுங்கும்.
காலை ஊன்றினால் றோட்டுத் தெரியும்.

நடுமூளையில் ஒரு கறுத்த இடம்.
கை நடுங்கத் தொடங்கும்போதே
அங்கே பாதி செத்துப்போயிருக்கும் என்றாள்.

பாதி சீற் காலியாய்
எத்தனை வருசம் மணி அடித்துக்கொண்டு போனேன்?
ஆர், எந்த இறக்கத்தில் இறங்கினது?
ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.
எல்லாரிடமும் ரிக்கற் இருந்தது.

ஏன் எனக்கு என்று கேட்டேன்.
தெரியாது ஐயா என்றாள்.
அந்தப் பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்தது.

குளிசை பத்து மணிக்கு.
பன்னிரண்டரைவரை நான் ஒரு மனிசன்.
பிறகு குசினி வாசலில்
கால்கள் நிலத்தோடு ஒட்டிக்கொள்கின்றன.
எல்லாரையும் இறக்கி
அடையாள அட்டையோடு நடக்கவிட்ட நாட்களில்கூட
யாரோ ஒருவன் கையைக் காட்டித்தான் மறித்தான்.
இங்கே துவக்கில்லை. மண்மூட்டை இல்லை.
அடுப்பில் பருப்புப் பொங்குகிறது.
நில் என்றது ஆர்?

தவமலர் வந்து
கதவுநிலையில் இரண்டு தரம் தட்டுகிறாள்.
இரண்டு மணி: போ.
இடக்கால் எழும்புகிறது.
கொஞ்சம் பொறுத்து மற்றதும்.

ஒரு மணி என்றால் நில்.
அதை நான் அவளுக்கு
இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை.