கலங்கும் வரை

ஒரே புட்டி.
ஒரே தொகுதி எண், ஒரே சாம்பல் நிறம்.
கிருஷ்ணகிரியில், என் மேசையில்,
இருபது நீர்த்தெள்ளுகளில் பதினெட்டு
நாற்பத்தெட்டாம் மணியில் அசையவில்லை.
தர்மபுரியில், நஞ்சுண்டன் மேசையில்,
இருபதும் நீந்துகின்றன.

பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள்.
தேன்கனிக்கோட்டைப் பக்கம்
தெருவுக்கு ஒரு நஞ்சுண்டன் உண்டு.
பெயருக்கேற்ற ஆய்வகம் என்று
போனில் நானும் சொல்லிப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

புட்டியில் இருப்பது வெள்ளி.
மாங்கூழ் ஆலையில்
கூடைகளில் பூஞ்சை பிடிக்காமலிருக்கத் தெளிப்பது.
கொலுசு வெள்ளியை இடித்து, இடித்து,
கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் இடித்தால்
வருவது என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.
அப்படிச் செய்வதில்லை.
ஆனால் அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆலைக்காரருக்கு ஓர் எண் போதும்.
"தர்மபுரி ரிப்போர்ட்டையே வெச்சுக்கலாமே மேடம்."
நல்ல மனிதர்தான்.
போன வைகாசியில் ஒரு பெட்டி செந்தூரா அனுப்பியவர்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
மடியில் பிளாஸ்க், உள்ளே என் தெள்ளுகள்.
காவேரிப்பட்டணம் தாண்டும்போது
"காப்பியா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.
பூச்சி என்றேன்.
எழுந்து பின்னால் போய்விட்டார்.

நஞ்சுண்டன் எதையும் மறைக்கவில்லை.
தராசு சரி.
அவர் தெள்ளுகள் என்னுடையதைவிடக் கொழுகொழுவென்று இருந்தன.
தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்றேன்.
கட்டடத்தின் பின்னால் கூட்டிப்போனார்:
ஆழ்துளைக் கிணறு,
குழாய் வாயெல்லாம் சுண்ணாம்புப் பொருக்கு.

இந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும்.
பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்குப்
பல்லில் பழுப்புக் கோடு.

பீக்கரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம்.
மேலே தெளிவு. தெள்ளுகளின் துள்ளல்.
அடியில்
திருநீறு சிந்தியதுபோல ஒரு வளையம்.

உப்பு மிகுந்த நீரில்
துகள் துகளோடு ஒட்டிக் கட்டியாகித்
தன் பாரத்தில் தானே இறங்கிவிட்டிருக்கிறது.
இருபதும் பிழைத்ததற்கு
வெள்ளியின் சாதுத்தனம் காரணமில்லை.
அவை வெள்ளியைச் சந்திக்கவே இல்லை.

ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்,
ஒரு டீ ஆறுகிற நேரம்.

"உங்க பதினெட்டு" என்றார்,
"துகள் கொன்னதா?
துகள்லேர்ந்து கரைஞ்சது கொன்னதா?"
வடிகட்டிய நீரில் தனியாக விட்டுப் பார்த்தேனா?
இல்லை.
புட்டியைத் திறந்து எத்தனை நாள்?
மூன்று வாரம்.
சோனிகேட்டரில் எவ்வளவு நேரம் கலக்கினேன்?
குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது:
கலங்கும் வரை.

எனக்கும் கலங்கியது.

பிறகு பழைய கேலண்டர் தாளின் முதுகில் எழுதினோம்.
இரண்டு ஊருக்கும் ஒரே நீர், காய்ச்சி வடித்ததில் உப்பு அளந்து சேர்த்தது.
பத்து நிமிடம், ஐஸ்மேல் வைத்து, ஒரு நொடி கூடாமல்.
முதல் மணியில் எவ்வளவு மிதக்கிறது,
கடைசி மணியில் எவ்வளவு மிச்சம்.
கரைந்த வெள்ளிக்குத் தனி பீக்கர்,
வெறும் நீருக்குத் தனி பீக்கர்.
"தெள்ளுகளோட வயசு?" என்றார்.
அதை நான் மறந்திருந்தேன். ஓரத்தில் செருகினோம்.

இரண்டு வாரம் கழித்து
அவருக்குப் பதினொன்று, எனக்குப் பதின்மூன்று.
வெறும் நீரிலும் ஒன்று செத்தது.
அதையும் எழுதினேன்.

ஆலைக்காரர் அழைத்தார்.
"கடைசியா எத்தனைங்க மேடம்?"
எந்தத் தண்ணியில என்றேன்.
கொஞ்ச நேரம் கூழ் எந்திரத்தின் இரைச்சல் மட்டும்.
"எங்க ஓடைத் தண்ணியிலதான்."

அது என் நீரும் அல்ல, நஞ்சுண்டன் நீரும் அல்ல.
அடியில் இறங்கியது அங்கே எங்கும் போய்விடவில்லை.
சேற்றில் நத்தை இருக்கும், செம்புழு இருக்கும்.
அவற்றுக்கு நாங்கள் இன்னும்
ஒரு பீக்கர்கூட வைக்கவில்லை.

கேன்ல புடிச்சு அனுப்புங்க என்றேன்,
அடிச்சேறும் சேர்த்து.