பதினைந்து மீட்டர்

கூடத்து மூலையில் மெஷின்.
அதிலிருந்து கிளம்பும் குழாய்
பதினைந்து மீட்டர்.
அடுப்படி தாண்டும், கொல்லைக் கதவைத் தொடும்.
துவைக்கிற கல்லுக்கு இரண்டடி குறையும்.

அங்கேதான் நிற்பாள் மரகதவல்லி,
நிலையைப் பிடித்தபடி,
நான் காலர் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டு.

முன்பெல்லாம் கோபம் வந்தால்
திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறி
நெல்லிக்குப்பத்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.
மூன்றாம் நாள் நானே போய்க் கூப்பிடணும்.

இப்போது தாளிப்பு இல்லை, ஊதுபத்தி இல்லை.
பக்கத்து வீட்டுக் கொசுவத்திக்கும்
கெஞ்சிவிட்டு வந்தேன்.
ஜிப்மரில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள்.
இரண்டாவது நிமிஷத்தில்
நாற்காலி கேட்டாள், கண்ணால்.

நேற்று ராத்திரி கரண்ட் போனது.
மெஷின் ஒருமுறை கூவி அடங்கியது.
இருட்டில் சிலிண்டர் சாவி கிடைத்தது,
எந்தப் பக்கம் திருகுவதென்று
கைக்கு மறந்துவிட்டது.
அவள் விரல் நுனியில் சிவப்பாய் எண்பத்திரண்டு.
எண்பத்தொன்று.

என் மணிக்கட்டைப் பிடித்து
மறுபக்கம் திருப்பினாள்.
சீறியது.

தொண்ணூறு வந்த பிறகு
சொல் சொல்லாய் இறக்கிவைத்தாள்:
"முப்பது வருஷமா
இந்த வீட்டுல
கேஸ் சிலிண்டர்
யாரு
மாத்துனது?"
சிரிப்பாய்த் தொடங்கியது
இருமலாய் முடிந்தது.

காலையில் எதிர்வீட்டுப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு
கல்லைக் கதவோரம் நகர்த்தினேன்.
உட்கார்ந்து பார்த்தாள்.
காலில் வெயில்.

என் சட்டையை வாங்கிப் பிரித்து,
"காலர் போகலை" என்றாள்.
ஒரே மூச்சில்.