எத்தனை பரப்பு

புத்தூர்க் கமநல நிலையத்தின் உரப் பதிவேட்டில்
ஐந்து நிரல்.
பெயர், அடையாள அட்டை, காணி எத்தனை பரப்பு, என்ன பயிர்,
கடைசியில் எத்தனை அந்தர்.
பதினொரு வருஷமாக நான்தான் நிரப்புகிறேன்.

வெங்காயக்காரர் ஒப்பம் வைத்தால் தாளில் செம்மண் ஏறும்.
தவநாயகத்தார் வருஷா வருஷம்
இரண்டு பரப்பைக் கூட்டித்தான் சொல்லுவார்.
அது தோட்டக்காரப் பொய்.
எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவனுக்கு
நகமெல்லாம் சுத்தம்.
செருப்பு வாரில் உப்புப் பூத்திருந்தது.
நாலு அந்தர் யூரியா வேணும் அக்கா, மிளகாய்க்கு.
எத்தனை பரப்பு?
பத்து.
ஆற்றை கிணத்துத் தண்ணி?

அதிலே நின்றுவிட்டான்.
மிளகாய் வைத்தவன்
இறைப்பு முறையை நித்திரையிலும் சொல்லுவான்.

போன மாசி, பெரியாஸ்பத்திரியில்
தங்கச்சிக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருவன்.
மீனுக்கு எறிய வைத்திருந்தது
கையிலேயே வெடித்ததாம்.
வலது சட்டைக் கையை மடித்து
ஊசி குத்தியிருந்தார்கள்.
தாய் சோறு குழைத்துத் தீத்தினாள்.
பொரித்த மீனைக் கண்டதும்
முகத்தைச் சுவருக்குத் திருப்பினான்.

சண்டைக் காலத்தில்
இந்த வெள்ளைக் குறுணி ஓமந்தை தாண்டாது.
மாட்டெருவையும் வேப்பம் பிண்ணாக்கையும் போட்டு
சுண்டுவிரல் பருமனில் வெங்காயம் கிண்டினார் அப்பா.
மறித்தவனை வாய் நிறையத் திட்டினார்.
எங்கள் தோட்டம் அவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டார்.
இப்போது மறிக்கிற கதிரையில் நான்.

விதானையாரின் கடிதம் கொண்டுவா தம்பி, என்றேன்.
சரி அக்கா, என்றான்.
கோபிக்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

புதன் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை.
உண்மையிலேயே மச்சானுக்கோ மாமனுக்கோ
பத்துப் பரப்பில் மிளகாய் மஞ்சளித்து நிற்கலாம்.
கேள்வி கேட்காத கடையொன்று
சுன்னாகத்தில் இருப்பதும் எனக்குத் தெரியும்.

களஞ்சியத்தைப் பூட்டுமுன் மூட்டைகளை எண்ணினேன்.
நாற்பத்தொன்று.
இன்னொருக்கால் எண்ணினேன்.

கொடுக்காததை எழுத நிரல் இல்லை.
தாளின் ஓரத்தில் பென்சிலால்
அவன் மோட்டார்சைக்கிள் இலக்கத்தைக் குறித்தேன்.
ஏழு நிச்சயம்.
அடுத்தது மூன்றோ எட்டோ,
புழுதியில் சரியாகத் தெரியவில்லை.